கேமரா போனால் கருப்பு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். சளி மட்டும் வாடகை தராமல் கூடவே குடியிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? அப்பாவின் முழங்கால் எப்படி? மாடிப்படி ஏறி இறங்குகிறாரா, இல்லை ஏறியதாக உன்னிடம் கதை விடுகிறாரா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது என்று அம்மா சொன்ன வழி இது. "ரெண்டு பேரும் எழுதித் தொலைங்க. தபால் போய்ச் சேர்றதுக்குள்ள கோவம் ஆறிடும்" என்றாள். அம்மா போன பிறகும் அவள் பேச்சை இந்த ஒரு விஷயத்திலாவது கேட்கிறோம். உன் கடிதத்தின் அடியில் அப்பா தன் கையால் ஒரு வரி எழுதுவாரே, அதற்காகவே உறையைப் பிரிக்கிறேன். உன் இரண்டு பக்கத்தையும் பிறகுதான் படிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

"நாள் பூரா உட்கார்ந்து அப்படி என்னதான் பண்றே?" என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், தூங்காமல் கேள். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல் பாவனை செய்கிற மென்பொருள் உண்டு. உள்ளே இருக்கும் பொய்க் கம்ப்யூட்டருக்குத் தான் பொய் என்று தெரியாது, தனக்கு எல்லாம் சொந்தம் என்று நினைத்துக்கொண்டு பெருமையாக ஓடும். அதற்கு ஒரு கேமரா வேண்டும். அந்தப் பொய்க் கேமராவைச் செய்வதுதான் என் பிழைப்பு. வெளியே இருக்கும் நிஜக் கேமராவின் படத்தை உள்ளே கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு படத்தையும் நகல் எடுத்துக் கொடுத்தால் மெஷினுக்கு மூச்சு வாங்கும். அதனால் இரண்டுக்கும் பொதுவாக நினைவகத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, நான்கு தட்டுபோல் பிரித்திருக்கிறேன். வெளியே இருப்பது ஒரு தட்டில் படத்தைப் பரிமாறி, அதற்கொரு வரிசை எண் போட்டு உள்ளே தள்ளும். உள்ளே இருப்பது பார்த்துவிட்டுக் காலித் தட்டைத் திருப்பித் தரும். தட்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் தொடலாம். அவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் எட்டுப் பேர் தினமும் மீட்டிங் போட்டு மண்டையை உடைத்துக்கொள்கிறோம்.

வீட்டு ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். அப்பாவின் லேப்டாப்பில் என் மெஷினைப் போட்டு, ஒயரில் தனிக் கேமராவும் மாட்டிவிட்டேன், என் வீட்டிலும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பக்கமும் வீடியோ கால் தானாகவே திறந்துகொள்ளும். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். சத்தத்தை அணைத்துவிட்டு, நான் பாட்டுக்கு என் வேலை, அவர் பாட்டுக்கு ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அவர் வேலை. பேச ஆரம்பித்தால் "சாப்டியா", "சாப்டேன்" என்பதோடு முடிந்துவிடும். பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார முடிகிறது. என் ஜன்னலுக்கு வெளியே சாலை வளைவு தெரிகிறதல்லவா, பஸ் ஓட்டிய புத்தி போகாமல் என் தோளுக்கு மேலே வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரே ஒரு விஷயத்தில் மீட்டிங்கில் சண்டை போட்டு ஜெயித்தேன். நடுவில் கேமரா பிடுங்கிக்கொண்டால் என்ன காட்டுவது? கருப்புத் திரை என்றார்கள் மற்றவர்கள். கூடாது, கடைசியாக வந்த நான்கு தட்டையே சுற்றிச் சுற்றிக் காட்டலாம் என்றேன் நான். பார்ப்பவருக்கு லேசாகத் தலை அசைவது போலிருக்கும், பதற மாட்டார். எங்கள் மேலாளர் ஆமாஞ்சாமி இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் என் பக்கம் சாய்ந்தார்.

வேளைக்குச் சாப்பிடு. அப்பாவிடம் ஒரு வரி கேட்டு வாங்கு.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நானும் அப்பாவும் நலம். உன் சளிக்கு ஆவி பிடி, மாத்திரையை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்காதே. அப்பாவின் முழங்கால் அவர் இஷ்டப்படி வலிக்கிறது. கடைக்குப் போகச் சொன்னால் வலிக்கும், டீக்கடைக்கு என்றால் வலிக்காது.

இதைக் கிடங்கின் கண்காணிப்பு அறையிலிருந்து எழுதுகிறேன். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். காகிதத்துக்குத் தடையில்லை. எதிரே பதினாறு திரை. ஏசி காற்று நேராகப் பிடரியில் அடிக்கிறது. எங்கள் சூப்பர்வைசர் மீசை, நான் கொட்டாவி விட்டால்கூட எட்டிப் பார்க்கிறார்.

உன் நான்கு தட்டு புரிந்தது. ஆனால் கருப்பு கூடாது என்றாயே, அங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. நான் படிக்காத ஆள், ஆனால் திரையைப் பார்த்தே சோறு சாப்பிடுகிறவன். கருப்பு வந்தால் எங்களுக்குக் கவலையே இல்லை. உடனே ஒருத்தன் எழுந்து ஓடுவான், ஒயரைப் பார்ப்பான். நின்றுபோன படம்தான் ஆபத்து. போன வருடம் பின்வாசல் கேமரா இப்படித்தான் நின்றுவிட்டது. கேட் மூடியிருக்கிற படம். கேட் மூடித்தான் இருக்கிறது என்று ஷிஃப்ட் முழுக்க நானும் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே கேட் திறந்து கிடந்திருக்கிறது. மீசை அன்றைக்கு என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். நல்லவேளை எதுவும் களவு போகவில்லை.

யோசித்துப் பார். நீ படித்தவள், உனக்குத் தெரியாததா.

அன்புடன்,
தம்பி

*தலைக்குத் துணி கட்டிக்கொண்டு படு. வளைவில் வருகிற அந்த மஞ்சள் வண்டிக்கு பிரேக் சரியில்லை. — அப்பா*

பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். சளி ஒருவழியாக வீட்டைக் காலி செய்துவிட்டது. அங்கே எல்லோரும் சுகம்தானே? மஞ்சள் வண்டி துணிக்கடைக்குச் சொந்தமானது என்று அப்பாவிடம் சொல். ஓட்டுபவரிடம் பிரேக்கைப் பற்றி நான் போய்ச் சொல்ல முடியாது என்றும் சொல்.

ஒரு சிரிப்பான விஷயம். சோதனைக்காக என்னையே ஒரு மணி நேரம் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து, தட்டச்சு செய்து, தலையாட்டி, பேனாவால் காதைக் குடைந்துகொண்டு. நிஜக் கேமராவுக்குப் பதில் இந்தப் பதிவைப் பொய்க் கேமராவுக்குள் ஊட்டிப் பார்ப்பேன். போன வாரம் அதை மாற்ற மறந்துவிட்டு, வீட்டிலிருந்தே மீட்டிங்கில் கலந்துகொண்டேன். பாதியில்தான் கவனித்தேன், திரையில் இருப்பது நான் இல்லை, என் பதிவு! ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆமாஞ்சாமி கடைசியில் "நீங்க இன்னிக்கு ரொம்ப கவனமா கேட்டீங்க" என்று பாராட்டு வேறு. மறுநாள் வேண்டுமென்றே பதிவைப் போட்டுவிட்டுக் கீழே போய் நடந்துவிட்டு வந்தேன். அன்றும் தெரியவில்லை. சிரிப்பாகத்தான் இருந்தது. படியேறி வந்து கதவைத் திறக்கும்போது சிரிப்பு போய்விட்டது. நான் இல்லாதது மற்ற ஏழு பேரில் ஒருவருக்குக்கூடத் தட்டுப்படவில்லை, பார்.

கருப்பைப் பற்றி எழுதியிருந்தாய். உங்கள் கிடங்கு கேட்டைப் பொறுத்தவரை நீ சொல்வது சரி. எனக்கு வேறு காரணம் இருக்கிறது. அம்மாவுக்கு முடியாமல் போன அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நீ போனில் அவளைக் காட்டிக்கொண்டிருந்தாய். நடுவில் படம் போய்விட்டது. திரும்ப நீ கூப்பிடும்வரை அந்தக் கருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. இன்னொருவர் அப்படி உட்கார வேண்டாம் என்றுதான் அந்த மீட்டிங்கில் அவ்வளவு கத்தினேன். அவர்களிடம் இதைச் சொல்லவில்லை, "பயனருக்கு நல்லது" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

பதில் போடு. சோம்பல் படாதே.

அக்கா

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். நீ நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தலைக்கு மேல் வேலை. மீசையிடம் கெஞ்சிக் கூத்தாடிக் காலை ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டேன், மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடலாம். மாடி வீட்டு அத்தை தினமும் வந்து போகிறார். ரிடையரான நர்ஸ் என்பதால் அவருக்கும் பொழுது போக வேண்டுமல்லவா.

அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார். ஷேவிங் நான்தான் செய்துவிடுகிறேன். வயசாக ஆகச் சோம்பேறித்தனம். கண்ணாடி உடைந்துவிட்டதால் இந்த முறை அவரால் வரி எழுத முடியவில்லை. கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

நீ சொன்னது சரிதான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் போனில் சார்ஜ் போய்விட்டது. இதை உன்னிடம் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

தொழில் விஷயமாக ஒரு சந்தேகம். கேமரா ஒயரைப் பிடுங்கினால் பழைய படம் சுற்றிச் சுற்றி வரும் என்றாயே. எதிர்ப்பக்கம் பார்க்கிறவருக்கு அது கொஞ்சமாவது தெரியுமா? சும்மாதான் கேட்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக்கூட நேரமில்லை. அடுத்த மாதம் எங்கள் கேமராவை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க வேண்டும். என் அடுப்பில் பூனை தூங்குகிறது, மூன்று வேளையும் வெளிச் சாப்பாடு.

அது என்னடா, மாடி வீட்டு அத்தை தினமும் வருகிறார், நீயும் மத்தியானமே வீட்டுக்கு ஓடுகிறாய்? அத்தைக்கு ஒரு மகள் உண்டு என்பது எனக்கு ஞாபகமில்லை என்று நினைத்தாயா? மறைக்காமல் எழுது. எனக்குச் சம்மதம்தான். அவள் உன்னைப் போல் போனில் சண்டை போடுகிறவளாக இல்லாமல் இருந்தால் போதும்.

உன் சந்தேகத்துக்குப் பதில்: தெரியாது. தெரியக் கூடாது என்றுதானே அப்படிச் செய்தேன். தட்டின் வரிசை எண்ணைப் பார்த்தால் மட்டும் தெரியும், அதை யார் பார்க்கப்போகிறார்கள்? உங்கள் கிடங்கில் இதை வாங்கப் போகிறார்களா என்ன?

அப்பாவை ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவரிடம் அந்த நீலச் சட்டையை விட்டால் வேறு சட்டையே இல்லையா? வாரா வாரம் அதையே மாட்டிக்கொண்டு வருகிறார். என் பெயரில் ஒன்று வாங்கிக் கொடு. முன்பக்கம் முழுக்கப் பொத்தான் வைத்தது, அவருக்கு அதுதான் பிடிக்கும். கண்ணாடியையும் சரி செய்து கொடு.

அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். சட்டை வாங்கிவிட்டேன். பொத்தான் வைத்தது கிடைக்கவில்லை, தலை வழியாக மாட்டுவதுதான் கிடைத்தது. நல்ல தளர்வாக இருக்கிறது. கண்ணாடிக் கடைக்காரர் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தடிக்கிறார். அதனால் இந்த முறையும் அப்பாவின் வரி இல்லை.

அத்தை மகளைப் பற்றி நீயாக எதையாவது நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும். நினைத்துக்கொள்.

நீ ஒன்றுக்கு மட்டும் பதில் சொல். மீட்டிங்கில் பதிவைப் போட்டுவிட்டு நடக்கப் போவாயே, அந்த வேலையை ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் நீ செய்வதில்லைதானே?

தம்பி

ஜூன் 1

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நான் நலம். நீ, அப்பா, மாடி வீட்டார் அனைவரும் நலமா? எங்கள் கேமரா ஒருவழியாக வெளியே போய்விட்டது. ஆமாஞ்சாமி கேக் வெட்டினார். ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டு அவரவர் சீட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் என் சீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே தின்றேன். சுவை ஞாபகமில்லை.

அறையில் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது, வீட்டுக்காரர் ஆள் அனுப்பிச் சரி செய்துவிட்டார். அந்தச் சொட்டுச் சத்தம் நின்ற பிறகுதான் அறை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிகிறது. திரும்ப ஒழுகினால்கூடப் பரவாயில்லை போலிருக்கிறது. எதிர்வீட்டில் ஒரு அம்மாள் பால்கனியில் துணி காயப்போடுவார். அவர் ஊருக்குப் போய்விட்டார் போல, கொடி காலியாகக் கிடக்கிறது. நான் ஒரு நாள் முழுக்க வாயைத் திறந்து பேசவில்லை என்பது கடைக்காரரிடம் "பை வேண்டாம்" என்று சொல்லும்போது குரல் கரகரத்தபோதுதான் தெரிந்தது.

சட்டைக்கு நன்றி. கண்ணாடிக் கடையை மாற்று. நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அக்கா

ஜூன் 9

தம்பி,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது தெம்பில்லை. ஒரு வாடிக்கையாளருக்குப் படம் விட்டு விட்டு வருகிறது என்றார்கள். என் வீட்டு மெஷினில் பதிவான வரிசை எண்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்பா பக்கத்திலிருந்து வந்த எண் மார்ச் மாதத்திலிருந்து நகரவே இல்லை. அதே நான்கு தட்டு. அதே நீலச் சட்டை. மூன்று மாதமாக நான் பார்த்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை.

உடனே உனக்கு போன் செய்தேன். "விழுந்துட்டார்க்கா, படுக்கையில இருக்கார், இப்ப பரவால்ல" என்றாய். ஏன் சொல்லவில்லை என்று நான் கத்த, "நீ மட்டும் என்ன யோக்கியம்?" என்று நீ கத்த, வழக்கம்போல் மூன்றாவது நிமிடம் வைத்துவிட்டோம். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் யோக்கியமில்லைதான். மே மாதம் நீ கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை. செய்தேன். மார்ச் கடைசியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவைப் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். வேலை அப்படி இருந்தது. கிளம்பும்போது ஒரு பார்வை பார்ப்பேன். அப்பா உட்கார்ந்திருப்பார், சரி என்று கதவைப் பூட்டுவேன். நிஜமாகவே ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருந்தால் ரேடியோ பிரித்த மேனிக்கே கிடப்பது எனக்குத் தெரிந்திருக்காதா? நான் செய்த கேமராவே என்னை ஏமாற்றிவிட்டது என்று யாரிடமும் சொல்லிச் சிரிக்கக்கூட முடியாது. என் அறையில் என் பதிவு, உங்கள் அறையில் அவருடைய பழைய படம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் யாருமே யாரையும் பார்க்கவில்லை.

உண்மையை எழுது. எதையும் பூசி மெழுகாதே.

அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் கொஞ்சம் தண்ணீர் குடி. கோபம் இருந்தால் என்மேல் இருக்கட்டும், அப்பாவின்மேல் வேண்டாம். அப்பா இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறார். இது பூசி மெழுகுவது இல்லை.

மார்ச் மாதம் காலையில் எழுந்தவர் குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தோம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாடி வீட்டு அத்தை இல்லையென்றால் என்ன செய்திருப்பேனோ. அவர் மகள் அடுத்த ஊரில் வேலை பார்க்கிறாள், நான் பார்த்தே ஒரு வருடம் ஆகிறது. நீ அப்படி நினைத்துக்கொண்டிருந்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். கேமரா ஒயரைப் பிடுங்கச் சொன்னதும் அவர்தான். "என்னை இந்தக் கோலத்துல அவ பார்க்க வேணாம். வேலையைப் போட்டுட்டு ஓடி வருவா. அம்மாவுக்கு வர முடியலேன்னு இன்னும் அழுதுட்டிருக்கா" என்றார். நீ சொன்ன சுற்றுகிற தட்டு எனக்கு ஞாபகம் வந்தது. உனக்குத் தெரியுமா தெரியாதா என்று உன்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். இதுதான் நான் செய்த திருட்டுத்தனம்.

ஆனால் அக்கா, யாருமே யாரையும் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாய், அது சரியில்லை. அப்பா பார்த்தார். ஒரு வாரம்கூட விடாமல், படுத்தபடி, ஒரு மணி நேரமும். ஏப்ரலில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "அவ அங்க இல்லடா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்த மஞ்ச வண்டியைப் பாரு. வாரா வாரம் அதே வளைவுல, அதே மாதிரி சறுக்கி, அதே மாதிரி நிக்குது. அப்புறம்தான் அவ பேனாவை எடுத்துக் காதைக் குடையறா. எந்த டிரைவரும் ஒரே மாதிரி ரெண்டு தடவை பிரேக் போட மாட்டான்" என்றார்.

"அணைச்சிடட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

"வேணாம். மூஞ்சி இருக்குல்ல" என்றார்.

அதன் பிறகும் எல்லா வாரமும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மே மாதம் நான் உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். நீ பதில் எழுதாமல் விட்ட கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "பாவம், என்ன வேலையோ" என்று மட்டும் சொன்னார்.

22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கேமராவைக் கட்டில் பக்கத்தில் மாட்டுகிறேன். அவரைச் சம்மதிக்க வைத்தாகிவிட்டது. சத்தம் வேண்டாம் என்கிறார், வழக்கம்போல் இருக்கட்டுமாம். நீ நிஜமாக வா.

தம்பி

ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். ஆனால் நேற்றிலிருந்து பசிக்கிறது, உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கட்டில் பின்னால் நின்றாய், அதனால் அவர் முகத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். படம் வந்ததும் என்னையே உற்றுப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பார்த்து மஞ்சள் வண்டி வரவேயில்லை. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மெதுவாக ஒரு கையைத் தூக்கினார், தூக்கிவிட்டுக் காத்திருந்தார். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பெற்ற மகள் நிஜமா, பதிவா என்று சோதித்துப் பார்க்க வேண்டிய நிலைமைக்கு அவரைக் கொண்டுவந்துவிட்டேன் என்று பிறகுதான் புரிந்தது. நானும் கையைத் தூக்கினேன். சிரித்தார். அவர் இறக்கினார், நான் இறக்கினேன். திரும்பத் தூக்கினார், தூக்கினேன். சின்ன வயதில் பஸ் டிப்போ கண்ணாடி முன்னால் என்னை நிறுத்தி விளையாடுவாரே, அதே விளையாட்டு.

பிறகு விளையாட்டாக நான் கையை மாற்றினேன். அவர் மாற்றவில்லை. இன்னொரு முறை மாற்றிக் காட்டினேன். அவர் அதே இடது கையைத்தான் தூக்கினார். வலது கை போர்வைக்குள்ளேயே இருந்தது.

ஷேவிங், பொத்தான் இல்லாத சட்டை, உடைந்த கண்ணாடி, ஒரு வரிகூட எழுதாதது. எல்லாவற்றையும் நீ எனக்கு எழுதித்தான் இருக்கிறாய். நான்தான் படிக்கவில்லை. வெறுமனே விழுந்தது இல்லை, பக்கவாதம், இல்லையா? பதில் எழுதாதே. நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஆமாஞ்சாமியிடம் விடுப்பு கேட்டேன். "ரெண்டு வாரம் தரலாம்" என்றார். மூன்று மாதம் வேண்டும், இல்லையென்றால் வேலையே வேண்டாம் என்றேன். வழக்கம்போல் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை, டிக்கெட் எடுத்துவிட்டேன். கிளம்புவதற்கு முன் ஒரு வேலை முடித்தேன். கேமரா போனால் கருப்பு. இனி அதுதான் விதி. மீட்டிங்கில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள், "நீங்கதானே கருப்பு வேணாம்னீங்க?" என்றார்கள். "வீட்டு ஆளுங்களை வச்சுச் சோதிச்சுப் பார்த்தாச்சு" என்றேன். நீ சொன்னதுதான் சரி. கருப்பு வந்தால் யாராவது எழுந்து ஓடுவார்கள். அன்றைக்கு அம்மாவுக்காக நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் மெஷினிலும் புதியதைப் போட்டுவிட்டேன். என்னுடையது ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆபீஸ் சோதனைக்கு வேண்டும். கேமராவை மட்டும் கழற்றி என் பெட்டியில் வைத்துக்கொள்கிறேன். அந்தப் பதிவை அழித்துவிட்டேன்.

மாடி வீட்டு அத்தைக்கு என் நமஸ்காரம்.

அக்கா

ஜூலை 6, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ இந்நேரம் வழியில் இருப்பாய். இதைத் தபாலில் போடப்போவதில்லை, வந்ததும் கையில் கொடுக்கிறேன். நேரில் சொன்னால் மூன்றாவது நிமிடம் நீ என்னைப் பேச விடமாட்டாய்.

காலையில் அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்து, முகம் துடைத்துவிட்டேன். லேப்டாப்பைத் திறடா என்றார். "இன்னிக்கு எதுக்குப்பா? அக்காதான் அங்க இல்லையே" என்றேன். "திறன்னா திற" என்றார். பேச்சு இன்னும் குழறுகிறது. நீ வந்தால் முதலில் புரியாது, இரண்டு நாளில் பழகிவிடும்.

திறந்தேன். தானாகவே போய் இணைந்துகொண்டது. திரை முழுக்கக் கருப்பு. ஜன்னல் இல்லை, வளைவு இல்லை, வண்டி இல்லை, நீ இல்லை. எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது, மூடப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கருப்பையே பார்த்தார். மார்ச் மாதத்திலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்க்கவில்லை.

"கருப்பா இருக்குடா" என்றார். "கிளம்பிட்டா."

ஒரு மணி நேரமும் அதை அணைக்க விடவில்லை. மாடி வீட்டு அத்தை வந்து, "ஒண்ணுமே தெரியலையே, என்ன பார்க்கறீங்க?" என்று கேட்டதற்கு, "பொண்ணு வர்றா" என்று திரையைக் காட்டினார். அத்தை என்னைப் பார்த்தார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடிதத்தின் அடியில் இடம் விடச் சொல்லிப் பேனாவைக் கேட்டார். இடது கையால் எழுதியிருக்கிறார், கோபிக்காதே. வீட்டுக்கு வந்த பிறகுதானே அவள் படிப்பாள், இதை எழுதுகிறீர்களே என்றேன். கேட்கவில்லை.

தம்பி

*பார்த்து வா. — அப்பா*